நாலாம் பாகத்தில் ஒரு கீறல்

பெயின்ட் அடித்து வரும் கார் கதவில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. விரல் நுனியால் தடவினாலே போதும், மயிரிழைக் கீறலும் தப்பாது. "மகாராஜா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என் பெயரைச் சொல்லி சூப்பர்வைசரே பாராட்டுவார். அந்தக் கையால் நான் செய்த காரியத்தைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் ஐந்து பேர் தங்கியிருந்த ரூமுக்கு எதிரே கோதண்டம் அண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு சண்டை கேம். சிடி உறை முழுக்க ஜப்பான் எழுத்து என்பதால் பெயர் யாருக்கும் தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாகத்தை வைத்துத்தான் சொல்வோம். மூன்றிலும் மொட்டையன் என்று நாங்கள் பெயர் வைத்த ஒருவன் உண்டு. அவனை எகிறி உதைக்க வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோற்றவன் ஒரு வாரம் ரூமில் பாத்திரம் கழுவ வேண்டும். இரண்டு வருடத்தில் நான் ஒரு கரண்டிகூடக் கழுவியதில்லை.

2003 பொங்கல் கழிந்து நாலாம் பாகம் வந்தது. ஆட்கள் புதுசு, களம் புதுசு, பட்டனெல்லாம் இடம் மாறியிருந்தது. மொட்டையன் இருந்தான், என் உதை மட்டும் வரவில்லை. ரூமில் என்னோடு இருந்த ஆறுமுகநயினாரிடம் மூன்று ஆட்டமும் தோற்றேன். கடையே சிரித்தது.

"சாம்பார்ல எந்தக் காய வேணும்னாலும் போடு. பருப்பையே எடுத்துட்டு சாம்பாருன்னு சொல்லாதல!" என்று கத்தினேன்.

"ஒரே ஒதைய எத்தன பாகம் பாக்கது மாப்ள?" என்றான் அவன். "பொறு, கேம் செஞ்சவன் பழசையும் இதுக்குள்ள எங்கயாவது வச்சிருப்பான். தேடிப் பாக்கேன்."

கேலி செய்கிறான் என்றே நினைத்தேன். ஷிப்ட் முடிந்ததும் தினமும் அவன் கடைக்கு ஓட, நான் ரூமில் சட்டி தேய்த்தேன். வயிறு எரிந்தது. சனிக்கிழமை கோதண்டம் அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் கடையில் நான் மட்டும் இருந்தேன். நாலாம் பாகத்தை உறையிலிருந்து எடுத்து ரூம் சாவியால் ஒரு கோடு இழுத்தேன். அது போனால் மறுபடி மூன்றாம் பாகத்துக்கே வந்துவிடுவார்கள் அல்லவா?

மறுநாள் சிடியை எடுத்து கேம் பெட்டியில் போட்டவன் ஆறுமுகநயினார். படம் வரவில்லை. கோதண்டம் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னாப்பா, நேத்து நல்லாத்தான இருந்துச்சு? நீதான் கீறல் பாக்குற ஆளு. எப்டி வுழுந்துச்சுன்னு பாத்து சொல்லு."

என் கீறலை நானே விரலால் தடவினேன். "சிடி சரியா உக்காராம பெட்டிய மூடியிருக்கு. அதான் கீறியிருக்கு" என்றேன். கம்பெனி லைனில் ரிப்போர்ட் சொல்லும் அதே குரல்.

"நீ தானய்யா போட்ட? இனிமே கடைக்குள்ள கால வெக்காத" என்றார் அவர், நயினாரிடம்.

"மெதுவாத்தான்ணே வச்சேன்" என்றான். அவன் முகம் செத்துவிட்டது. வாசல் வரை போய்த் திரும்பினான். "வேற சிடி வாங்குனா செட்டிங்ல மூணாவது வரிய மாத்துங்க. பழைய பட்டன், மொட்டையனுக்க ஒதை எல்லாம் அப்படியே இருக்கு. இவனுக்காகத்தான் ஒரு வாரமாத் தேடுனேன்."

பூமி பிளந்தால் இறங்கியிருப்பேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு புது சிடி வந்தது. மூன்றாவது வரியை மாற்றினார்கள். புதுக் களத்தில் மொட்டையன் என் பழைய உதையை உதைத்தான். முன்பைவிட உயரமாகப் பறந்தான். அத்தனை ஆட்டமும் ஜெயித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். தெருவில், வாசற்படிக்கு வெளியே நின்று ஆறுமுகநயினாரும் தட்டினான். "அப்படிப் போடு மாப்ள!"

நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன்.

"கீறுனது நாந்தாண்ணே. சாவியால கீறுனேன்."

கோதண்டம் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நயினாரு, உள்ள வாப்பா" என்றார்.

அவன் படியேறவில்லை. என்னைத் திட்டவும் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணாம் பாகத்தையே ஆடியிருப்பேன்லா" என்றான்.