பின்னால் நின்ற வண்டி

1

காலை ஒன்பது நாற்பது. 2010 செப்டம்பர் 16, வியாழக்கிழமை.

அபுக்கின் மூன்றாவது ஓட்டுநர் தேர்வு அந்த நேரத்துக்குப் பதிவாகியிருந்தது. பதிவுச் சீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையில் சீட்டு உள்ள தகவல் அது ஒன்றுதான்.

ஆனால் கதை சீட்டிலிருந்து பிறக்கவில்லை. ஓர் அட்டவணையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது சிட்னியின் மேற்கே ஒரு நிறுவனத்தில் இருந்தேன். குடியேறியவர்களைப் பற்றி அறிக்கை எழுதும் வேலை. பிறந்த நாட்டின்படி மக்களை வரிசைப்படுத்தச் சொன்னார்கள். வேலை, வருமானம், சொந்த வீடு, படிப்பு. வேலையின்மையை வைத்து அடுக்கியபோது என் பட்டியலின் ஒரு முனையில் சூடான் நின்றது. மறுமுனையில் லக்சம்பர்க். நடுவிலிருந்த நாடுகளை அழித்தேன். இரண்டு வரிசை மிஞ்சியது. மேலாளருக்குப் பிடித்திருந்தது. பளிச்சென்று இருக்கிறது என்றார்.

எண்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன்.

2

முதல் தொடக்கம்:

போரில் எல்லாவற்றையும் இழந்து, கென்யாவில் முகாமில் ஒன்பது ஆண்டுகளைக் கழித்து, கண்ணீருடன் ஆஸ்திரேலிய மண்ணில் கால் வைத்த அபுக்கின்

இந்த இடத்தில் ஏசுதாசன் அண்ணன் கையைத் தூக்கினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னியின் டூங்கபியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். சூடானில் பிறந்த அபுக் அவருடைய மாணவி. அவர் சொல்லித்தான் எனக்கு அவளைத் தெரியும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டும் தங்கச்சி. ஆர் அழுதது?"

"அபுக்."

"அவ என்ரை காருக்குள்ள ஒருநாளும் அழேல்லை. நான்தான் அழுதனான். என்ரை பிரேக்கை நினைச்சு."

இரண்டாவது தொடக்கம்:

சூடானில் பிறந்தோரின் தொழிற்சந்தைப் பங்கேற்பை லக்சம்பர்க்கில் பிறந்தோரின்

"இது கதையோ, ரிப்போட்டோ?"

"இன்னும் தெரியலண்ணே."

"ரிப்போட் எண்டா எனக்கு வேண்டாம். கதை எண்டா, அவ ஏன் லைசென்ஸ் எடுக்கிறா எண்டு முதலிலை சொல்லும்."

சொல்கிறேன். அபுக்குக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, மாத்திரை எடுத்துவைக்கும் வேலைக்குப் படித்திருந்தாள். நேர்காணலில் தேர்ந்துவிட்டாள். ஒரு நாளில் ஆறு வீடு. பஸ்ஸில் போய் முடியாது. திங்கட்கிழமை லைசென்ஸோடு வர வேண்டும். வராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். சிட்னிக்கு வந்து ஆறு ஆண்டில் அவளுக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அது. வியாழக்கிழமை தோற்றால், திங்களுக்குள் இன்னொரு தேர்வுக்கு இடமில்லை.

3

அபுக்கின் தேர்வு நாளில் ஒரு லக்சம்பர்க்காரரும் அங்கே இருந்ததாக ஏசுதாசன் அண்ணன் சொல்கிறார். அவர் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

சந்தேகம் அட்டவணையில் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால், யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, எண்ணைக் கொஞ்சம் மாற்றித்தான் வெளியிடுவார்கள். வழக்கமான முறைதான். என் அட்டவணையில் வேலையில்லாத லக்சம்பர்க்காரர்கள் மூன்று பேர். அவர்கள் இரண்டு பேராக இருக்கலாம். ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு முன்பே ஓர் இயந்திரம் கற்பனை செய்துவிட்டது.

"நெஜமாவே அப்படி ஒருத்தர் வந்தாராண்ணே?"

"வந்தவர். எனக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்தவர். பேரும் சொன்னவர்."

பெயரைச் சொன்னார். அதை மாற்றி, கிளோட் என்று வைக்கிறேன். அவர்கள் கொஞ்சம் பேர். சரியான பெயரை எழுதினால் கண்டுபிடித்துவிடலாம். [கணக்கெடுப்பு அலுவலகம் செய்வதையே நானும் செய்கிறேன்.]

கிளோட் ஒரு வங்கிக்காக வந்தவர். வேலை அவருக்கு முன்பே சிட்னிக்கு வந்து காத்திருந்தது. அந்த வியாழக்கிழமை, அபுக் தேர்வுக்கு வந்த அதே ஆர்.டி.ஏ. லைசென்ஸ் அலுவலகத்தில், ஊரில் எடுத்த லைசென்ஸைக் கவுண்டரில் நீட்டினார். கண் பார்வையைச் சோதித்தார்கள். படம் எடுத்தார்கள். கார்டைக் கொடுத்தார்கள். தேர்வு இல்லை. சில நாடுகளின் லைசென்ஸை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். அந்தப் பட்டியலில் லக்சம்பர்க் இருக்கிறது. சூடான் இல்லை.

* இந்தியாவும் இலங்கையும் இல்லை. சிங்கப்பூர் இருக்கிறது. என் கணவர் நித்தியானந்தன் சிங்கப்பூர்க்காரர். கார்டை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். மதுரைக்காரி நான் இரண்டு முறை தோற்றேன். எங்கள் வீட்டிலேயே இரண்டு வரிசை அட்டவணை உண்டு. ஆனால் இன்றைக்கும் அவர் வண்டியைச் சந்துக்குள் நிறுத்த வேண்டுமென்றால் இறங்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

4

அபுக் தோற்ற இரண்டு முறையும் ஒரே இடத்தில் தோற்றாள். ஒரு சுற்றுவட்டத்தில், ரவுண்டானாவில்.

"இடைவெளி வந்தா போகவேணும்," என்றார் ஏசுதாசன் அண்ணன். "இவ எல்லாருக்கும் வழி விடுறா. வட்டத்துக்குள்ள நிக்கிறவனுக்கு விடுறா, சரி. தூரத்திலை வாறவனுக்கும் விடுறா. இன்னும் வீட்டாலை வெளிக்கிடாதவனுக்கும் விடுறா. பின்னாலை நிக்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான். அடிச்ச உடனை இவ ஹாண்ட் பிரேக்கை இழுத்துப்போட்டு இருக்கிறா."

"பயமா?"

"பயந்தவ இல்லை. ஹைவேயிலை நூறிலை ஓடினவ. நான்தான் கதவைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

இரண்டாவது முறை தோற்ற பிறகு, ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறார். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை அவர் தமிழில் சொன்னார். நான் எழுதுவது மூன்றாம் பிரதி.

"மிஸ்டர் தாசன், நீ இடிச்சா தாசன் இடிச்சது. நான் இடிச்சா சூடான் இடிச்சது."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்பிடி இல்லைப் பிள்ளை, என்னைப் பாத்தால் இந்தியன் எண்டுதான் நினைப்பினம், நான் இடிச்சா இந்தியாதான் இடிச்சது எண்டன். பழி உங்கடை ஆக்களுக்குத்தான் தங்கச்சி. அதுதான் நான் இவ்வளவு காலமும் சந்தோசமா ஓடித்திரியிறன்."

அபுக் சிரித்தாளாம். சிரித்ததால் பிரச்சினை தீரவில்லை. அடுத்த பாடத்திலும் வட்டத்தில் நின்றாள். அவர் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்றார்.

கிளோட் இடித்தால் கிளோட் இடித்தது. இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத ஒன்றுமில்லை.

5

ஒன்பது நாற்பதுக்கு அபுக் தேர்வாளருடன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஏசுதாசன் அண்ணன் உள்ளே உட்கார்ந்தார். எனவே இந்தப் பகுதிக்குச் சாட்சி உண்டு.

அபுக்கின் தேவாலயத்திலிருந்து நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். நல்ல உடை. ஒருத்தியின் மடியில் பெரிய தகர டப்பா. யாரிடமும் எண் சீட்டு இல்லை. எதற்காக வந்தீர்கள் என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். டப்பா வைத்திருந்தவள் "கைதட்ட" என்றாளாம்.

"ஒத்திகை பாக்கிற மாதிரி, ஆர் கார்டோட திரும்பினாலும் தட்டினவை. முதல் ஒரு சீனக் கிழவர். பயந்துபோனார். பிறகு குனிஞ்சு வணக்கம் சொல்லிப்போட்டுப் போனவர்."

நான்காவதாகக் கார்டுடன் திரும்பியவர் கிளோட். அவருக்கும் தட்டினார்கள். அவருடைய காதுகள் சிவந்தன. வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து ஏசுதாசன் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?"

அண்ணன் சொன்னார். மூன்றாவது தேர்வு, திங்கட்கிழமை வேலை, சுற்றுவட்டம், எல்லாம். டப்பா திறந்தது. எண்ணெயில் பொரித்த இனிப்பு மாவு. கிளோட் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"சிட்னியில் நீங்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பேப்பரில் வருகிற அளவுக்கு," என்றாள் டப்பாக்காரி. "நீங்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இதுவரை என்னை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்."

நான்கு பேரும் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொரு துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"வேலைக்குப் போகேல்லையோ எண்டு கேட்டன் தங்கச்சி. பிந்திப் போனா ஒண்டும் சொல்லமாட்டினம் எண்டவர். இருந்தவர். கடைசி வரைக்கும் இருந்தவர்."

என் அட்டவணையில் கைதட்ட வருபவர்களுக்குக் கட்டம் இல்லை. [இந்த வரியை மூன்று முறை அழித்தேன். உபதேசம் போல இருக்கிறது. இருக்கட்டும்.]

6

முடிவுகள்.

அ. லக்சம்பர்க்கில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். இங்கே இடப்பக்கம். தேர்வு இல்லாமல் கார்டு வாங்கிய கிளோட் பழக்க தோஷத்தில் வலப்பக்கம் ஏறுகிறார். எதிரே அபுக். பட்டியலில் உள்ள நாடு பட்டியலில் இல்லாத நாட்டை இடிக்கிறது. மிக நேர்த்தியான முடிவு. நேர்த்தியாக இருப்பதால் நம்பவில்லை.

ஏசுதாசன் அண்ணனும் நம்பவில்லை. "அந்த மனுசன் ஒழுங்கா ஓடினவன். நான் பாத்தனான். சிக்னலும் போட்டவன். ஏன் அவனிலை பழி போடுறீர்? கொஞ்சப் பேர் எண்டதாலையோ?"

ஆ. அபுக் தோற்கிறாள். வேலை அடுத்த பெயருக்குப் போகிறது. நீங்கள் கோபப்படுகிறீர்கள். பிறகு பக்கத்தைத் திருப்புகிறீர்கள். இந்த முடிவு என் அறிக்கையில் ஏற்கனவே இருக்கிறது, விழுக்காட்டில்.

இ. பத்து முப்பதுக்குக் கார் திரும்பி வருகிறது. தேர்வாளர் தாளில் எழுதிக்கொண்டே உள்ளே நடக்கிறார். அபுக் அவர் பின்னால். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கவுண்டரில் படம் எடுக்கிறார்கள். படத்துக்குச் சிரிக்காதே என்கிறார்கள். அவளால் முடியவில்லை. மறுபடி எடுக்கிறார்கள். கார்டு வருகிறது. ஐந்து பேர் கைதட்டுகிறார்கள்.

நடந்தது இதுதான். ஆறு பேராம். தானும் தட்டியதை ஏசுதாசன் அண்ணன் முதலில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடி கணக்கெடுப்பு வந்தது. வேலை உள்ளோர் கட்டத்தில் அவளும் சேர்ந்திருப்பாள். அவள் சேர்ந்ததால் சூடான் வரிசை அசைந்திருக்காது. கிளோட் ஊர் திரும்பியிருந்தால் லக்சம்பர்க் வரிசை அசைந்திருக்கும்.

* அதற்கு முந்தைய மாதம் தெற்கு பிரிந்து, அவள் பிறந்த நாடு இரண்டானது. படிவத்தில் எந்தப் பெயரை எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு முறை நின்ற வட்டத்தில் மூன்றாவது முறை அவள் எப்படிப் போனாள்? காரில் இருந்தவர்கள் இருவர். தேர்வாளர் யாரென்று எனக்குத் தெரியாது. மிச்சம் அபுக்.

இந்த ஆண்டு, 2013இல், மார்ச் மாதம் அவளை அழைத்தேன். ஒரு பாட்டியின் வீட்டில் இருக்கிறேன், நான்கு மணிக்குக் கூப்பிடு என்றாள். நான்கு மணிக்குக் கூப்பிட்டேன். கதை எழுதுகிறேன் என்றேன்.

"என்னைப் பற்றியா, சூடானைப் பற்றியா?"

"உன்னைப் பற்றி."

"சரி."

"பெயரை மாற்றட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர். எங்களில் எத்தனையோ அபுக் இருக்கிறோம். எவள் என்று தெரியவா போகிறது?"

வட்டத்தைப் பற்றிக் கேட்டேன். துணிவு வந்ததா, தோழிகளை நினைத்தாயா, வேலையை நினைத்தாயா. கதைக்கு வேண்டியதை எல்லாம் கேள்விக்குள் வைத்துக் கேட்டேன்.

"ஒன்றுமில்லை," என்றாள். "அன்றைக்கும் நின்றேன். ஓர் இடைவெளியை விட்டேன். இன்னொன்றையும் விட்டேன். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரனுக்காகக் காத்திருந்தேன். அடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சும்மா நின்றார்கள். அப்புறம் இடைவெளி வந்தது. போனேன்."

"யார் அது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் சாலையைப் பார்க்க வேண்டாமா?"

இந்தக் கதையில் எழுதப்படாமல் இருக்கும் இடம் அந்த வண்டியின் உட்புறம் மட்டும்தான். அதை நான் எழுதப்போவதில்லை. அபுக்குக்குக் கார்டு கிடைத்தது 2010இல். ஆனால் இதை யார் படித்தாலும் அவள் மறுபடி வட்டத்துக்கு வந்து நிற்கிறாள். பின்னால் ஒரு வண்டி வேண்டும். உங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பத்து ஏழு. உங்களுக்கு ஏற்கனவே தாமதம். முன்னால், ஓட்டக் கற்பவர் என்று காட்டும் மஞ்சள் எல் பலகை மாட்டிய வெள்ளைக் கார். ஓர் இடைவெளி வந்து போகிறது. கார் நகரவில்லை. இன்னொன்று வருகிறது, போகிறது. உங்கள் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன் மேல் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர். கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்.

"முன்னாடி நிக்கிறது யாரு?"