நிலாத் தூளும் மூன்று பட்டையும்

நிலாவில் தொலைநோக்கி வைக்கலாமா என்பதுதான் எண்பத்தொன்றாம் வருஷக் கல்லூரிக் கண்காட்சிக்குத் தென்காசிக் குற்றாலநாதன் எடுத்துக்கொண்ட தலைப்பு. அங்கே மேகமில்லை, மழையில்லை. குற்றாலச் சீசன் முழுக்க வானத்தையே பார்க்காத ஊர்க்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? இடைஞ்சல் ஒன்றுதான்: தூள். காற்றும் தண்ணீரும் தேய்க்காததால் கண்ணாடிச் சில்லுபோலக் கூரானது. எதிலும் ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் கீறும்.

இதைக் காட்ட, அவனும் கடையநல்லூர்ச் சிநேகிதன் கிதிர் முகம்மதுவும் உடைந்த சோடா பாட்டிலை இடித்து, துணியில் சலித்து, கொஞ்சம் கரித்தூள் கலந்தார்கள்.

"நிலாவுல எறங்கி அள்ளிட்டு வந்த மாதிரில்லா இருக்கு" என்றான் கிதிர்.

பித்தளைத் தட்டில் கொட்டி மேசையில் வைத்தார்கள். பக்கத்திலேயே, குற்றாலநாதன் ஒரு வருஷம் கையால் தேய்த்து வெள்ளி பூசிய தொலைநோக்கிக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் கண்காட்சிக்குக் கொண்டுபோக அவனிடம் வாய் மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் ஆயுத பூசை. அவன் பூ வாங்கப் போயிருந்தான். அக்கா குழல்வாய்மொழி அரிவாள்மனை, தையல் மிஷின், சைக்கிள் என்று வரிசையாகப் பட்டை போட்டுக்கொண்டே வந்தாள். திருநீறு தீர்ந்துவிட்டது. தம்பியின் மேசையில் தட்டு நிறைய இருந்தது. தம்பியின் ஆயுதத்தை மட்டும் விட்டுவிடலாமா? மூன்று விரலால், நன்றாக அழுத்தி, பட்டை போட்டாள்.

அவன் வந்து பார்த்தபோது கண்ணாடியில் வெள்ளி உரிந்து மூன்று வரிகள். நடுவில் சிவப்பாகப் பொட்டு. அவள் இன்னும் குங்குமம் வைத்திருக்கவில்லை.

"ஏலே, இது என்ன திருநீறு, இப்படிக் குத்துது?"

அவன் முதலில் கண்ணாடியைப் பார்த்தான், பிறகுதான் விரலை.

"தேய்க்காதக்கா. தண்ணிய ஊத்து. அது திருநீறு இல்ல, நிலா."

"நிலாவையா தட்டுல வச்சிருந்த?" விரலைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "கண்ணாடி கெட்டுப்போச்சோலே?"

"பட்டை போட்டா எதுவும் கெட்டுப்போவுமாக்கா?"

வேறு கண்ணாடி செய்ய நேரமில்லை. கண்காட்சியில் அதையே வைத்தான்.

"இந்தக் கீறலை எப்படிப் போட்டே?" என்றார் பார்வையிட வந்த பேராசிரியர்.

"வீட்டுல ஒருத்தங்க பயபக்தியோட தொட்டாங்க சார். அவ்வளவுதான்."

"அப்போ நிலாவுல தொலைநோக்கி வைக்க வேண்டாங்கியா?"

"வைக்கலாம் சார். பூசை போடாம இருந்தாச் சரி."

கூடமே சிரித்தது. விரலில் துணிக்கட்டோடு பின்னால் நின்றிருந்த அக்காவை அவன் அப்போதுதான் பார்த்தான். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.