தார் ரோட்டில் உளுந்துச் செடி

தர்மாம்பாள் கருக்கரிவாளால் கயிற்றை வெறி பிடித்தவள் போல் அறுத்துக்கொண்டிருந்தாள். வற்றிக் கிடந்த வாய்க்காலுக்குள் லாரி ஒருக்களித்துக் கிடந்தது. தார்ப்பாய்க் கயிறு டிரைவர் பக்கத்துக் கதவைச் சுற்றி இறுக்கியிருந்தது. உள்ளே டிரைவர் ஹாஜா மைதீன், நெற்றியெல்லாம் ரத்தம். எங்கேயோ டீசல் சொட்டுகிற சத்தம்.

"பாய், கண்ண மூடிடாதீங்க! எதாச்சும் பேசுங்க!"

கயிறு அறுந்தது. பக்கத்து வயல் தங்கமணியும் அவளுமாக இழுத்துக் கரையில் கிடத்தினார்கள். மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து சனம் ஓடி வந்தது. படுக்கவைத்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக மாட்டுவண்டி கொண்டுவர ஒருத்தர் ஓடினார்.

அப்போதுதான் தர்மாம்பாளின் கண்ணில் ரோடு பட்டது.

காலையில் அவள் பரப்பிய உளுந்துச் செடி. போகிற வருகிற வண்டிகள் மிதித்தால் காய் வெடித்து உளுந்து உதிரும். பங்குனி பிறந்தால் கீழ்வேளூர்ப் பக்கம் பலரும் செய்கிற காரியம்தான். இன்றைக்கு லாரியின் தடம் அந்தச் செடியை வாரிச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருந்தது.

நம்மாலதானா?

சேதி தெரிந்து, மாட்டுவண்டிக்கு முன்பே ஒரு கார் வந்து நின்றது. சாரங்கபாணி இறங்கினார். லாரி அவருடையது, ரைஸ் மில் அவருடையது, தர்மாம்பாள் குத்தகைக்கு உழுகிற வயலும் அவருடையது. அதே காரின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு எஸ்.ஐ. வைத்தியலிங்கம் இறங்கினார்.

சாரங்கபாணி அவளைத் தனியே அழைத்தார்.

"டிரைவர் தூங்கிட்டான். நீ பாத்தே. அவ்வளவுதான் சொல்லணும்."

"நான் பாக்கலியே."

"அப்ப உன் உளுந்துதான் கவுத்துச்சு. ஜெயிலுக்குப் போவே. குத்தகையப் பதியணும்னு தாசில்தார் ஆபீசுக்கு நடையா நடந்தியே, அப்புறம் அந்த வயல யாரு உழுவா?"

புருஷன் செத்த பிறகும் மல்லுக்கு நின்று விடாமல் வைத்திருக்கிற வயல். 'தூங்கிட்டான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தங்கும். கரையில் கிடப்பவன் எழுந்து மறுக்கப் போவதில்லை. பேசாமல் கம்பி எண்ணுவான்.

தர்மாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். நேரே எஸ்.ஐ. முன்னால் போய் நின்றாள்.

"எழுதிக்குங்க சார். உளுந்து என்னுது. நாந்தான் பரப்புனேன்."

"அடிப்பாவி, ஏண்டி!" தங்கமணி கையைப் பிடித்தாள். தர்மாம்பாள் உதறிவிட்டாள்.

"அதோட நிறுத்திடாதீங்க. ஏன் ரோட்டுல பரப்புனேன்னும் எழுதுங்க. விவசாய சங்கத்துல சேந்துட்டேன்னு களத்துக்கு முள்வேலி போட்டது இவரு. செடிய என் தலையில போட்டா அடிக்கிறது? லாரியில மூட்ட பாடிக்கு மேல ஆளுயரம் ஏத்தியிருக்கே, அதையும் எழுதுங்க. அதுவும் நானா ஏத்துனேன்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாரங்கபாணியின் முகம் கறுத்தது.

"வாய்க்கொழுப்பு! இவள வண்டியில ஏத்துங்க சார்."

"ஏறுறேன். உங்க கார்லதான? சீட்டுல துணி விரிச்சு வைங்க, கையெல்லாம் ரத்தம். உங்க டிரைவர் ரத்தந்தான். அவரையும் தூக்கிப் போடுங்க, ஆஸ்பத்திரி வழியிலதான் இருக்கு!"

"அக்கா..."

எல்லோரும் திரும்பினார்கள். ஹாஜா மைதீன் கண் திறந்திருந்தான். எஸ்.ஐ. குனிந்தார்.

"எப்படிய்யா கவுந்துச்சு? உளுந்துல வழுக்கிடுச்சா?"

அவன் பார்வை சாரங்கபாணியின் மேல் போய் நின்றது.

"பிரேக் சரியில்லன்னு காலையில மில்லுலயே சொன்னேன் மொதலாளி. ஓட்டலன்னா வேலைக்கே வராதேன்னீங்க."

"அடிபட்டதுல உளர்றான்," என்றார் சாரங்கபாணி.

"பாலத்து எறக்கத்துல மிதிக்கிறேன், பெடல் தரையில போயி ஒட்டிக்கிச்சு. முன்னால பஸ் நிக்குது, சனம் எறங்குது..." அவனுக்கு மூச்சு வாங்கியது. எஸ்.ஐ.யின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டான். "வழுக்கலைங்க சார். செடி அச்சுல சுத்தி வேகத்தப் புடிக்கும்னு, நானாத்தான் உளுந்து மேல விட்டேன்."