ஏழாம் பொத்தான்

வேற்றுமொழி பேசும் இந்நகரத்திற்கு நான் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. லிஃப்ட் பழுதுபார்ப்பது என் தொழில். வந்த புதிதில் இங்குள்ள பாதுகாப்பைக் கண்டு வாய்பிளந்தேன். தெருமுனைதோறும் கேமரா, கதவுதோறும் எச்சரிக்கைப் பலகை. நாங்கள் குடியிருக்கும் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் மணிக்கொரு முறை ரோந்து உண்டு. ரோந்து வருபவனை நம்பலாகாது என்று, சுவரில் ஒன்பது இடங்களில் காசளவு உலோகப் பொத்தான்களைத் திருகி வைத்திருந்தார்கள். காவலாளி தன் கைக்கருவியால் ஒவ்வொன்றையும் தொட வேண்டும். தொட்ட நேரம் தானே பதிவாகிவிடும். ஏழாம் பொத்தான் நிலவறைப் படிக்கட்டின் அடியில் இருந்தது.

அந்தப் படிக்கட்டில்தான், சென்ற மாதம் ஒரு மாலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு, எவனோ ஒருவன் என் மனைவியைத் தள்ளிவிட்டுக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அவள் ஏன் படியில் போனாள்? லிஃப்ட் ஓடவில்லை. அதை நிறுத்திவைத்து எண்ணெயிட்டுக்கொண்டிருந்தவன் நான்.

காவல் நிலையத்தார் ரோந்துப் பதிவைப் பார்த்தனர். 7.09க்கு ஏழாம் பொத்தான் தொடப்பட்டிருந்தது. தொட்டவன் நம் மொழிக்காரன். வருவோர் போவோர்க்கெல்லாம் விறைப்பாகக் கையுயர்த்துவதால் அவனுக்கு ‘சல்யூட்’ என்று பெயர். எங்கள் வீட்டில் பலமுறை உண்டவன்.

“நான் அங்கதான் சார் நின்னேன். ஒரு ஈ காக்கா வரல. அண்ணி கால் தவறி விழுந்திருப்பாங்க. பையை எங்கயாவது மறந்து வெச்சிருப்பாங்க” என்றான். காவலர்களிடம் அவர்கள் மொழியிலேயே அப்படிச் சொன்னான். ‘தவறி விழுந்தார்’ என்று எழுதி விசாரணையை முடித்தார்கள்.

மறுவாரம் மருத்துவமனையிலிருந்து கட்டோடு திரும்பியவளைப் பார்த்து வாசலிலேயே சிரித்தான்.

“அண்ணி, பாத்து நடங்க! இன்னொரு தடவ கனவுல திருடன் வந்தா எனக்கு ஒரு போன் போடுங்க.”

அவள் அவனைக் கடந்து லிஃப்டை நோக்கி நடந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

“கை ஒடிஞ்சது ஆறிடுங்க. என்னைப் பொய்க்காரின்னு எழுதி வெச்சிருக்காங்களே, அது எப்படி ஆறும்? அவனச் சும்மா விடாதீங்க.”

“விடமாட்டேன்” என்றேன். எப்படி என்று அப்போது தெரியாது.

பத்து நாள் கழித்து, லிஃப்ட் அறைச் சாவிக்காகக் காவலறைக்குச் சென்றேன். அவன் கைகழுவப் போயிருந்தான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒன்பது பொத்தான்கள், சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியபடியே, வரிசையாக இருந்தன! உட்கார்ந்த இடத்திலேயே ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாகத் தொட்டுக் கட்டடம் முழுவதையும் சுற்றி வந்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆயினும் டப்பாவை மூடிவைத்துவிட்டு வந்தேன். கூச்சலிட்டால், ஆள் வருவதற்குள் சுவரில் திருகிவிடுவான். மறுபடி நாங்களே பொய்யர்களாவோம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று யோசித்தாள்.

“அவன்தான் கீழ போறதே இல்லையே. படிக்கட்டப் பூட்டிடுங்க. பூட்டின கதவுக்குப் பின்னாடியும் அவன் போய்ட்டு வரானான்னு பாப்போம்.”

மறுநாட்காலை எட்டு மணிக்கு, ‘லிஃப்ட் குழி வேலை’ என்னும் பலகையை மாட்டி, அப்படிக்கட்டின் மேற்கதவையும் கீழ்க்கதவையும் பூட்டினேன். சாவிகள் என் சட்டைப்பையில் இருந்தன. மூன்று நாட்கள் அவன் வாசலில் எனக்குக் கையுயர்த்தினான். நானும் சிரித்தபடியே தலையசைத்தேன். அவ்வளவு சுவையாக நான் எவரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

நான்காம் நாள், நான் கேட்டுக்கொண்டபடி, கட்டட மேலாளர் தம் அறைக்கு என்னையும் என் மனைவியையும் சல்யூட்டையும் அழைத்தார். மேலாளர் பதிவை எடுத்து மேசைமேல் விரித்தார். அந்த மூன்று நாட்களில், சல்யூட்டின் பணிநேரத்தில் மட்டும், ஏழாம் பொத்தான் முப்பத்தாறு முறை தொடப்பட்டிருந்தது. சாவிகளை அதன்மேல் வைத்தேன்.

“ரெண்டு கதவும் பூட்டிக் கிடந்துச்சு தம்பி. நீ என்ன, சுவத்துக்குள்ள பூந்து போனியா?”

அவன் முகம் வெளுத்தது. நான் சொல்ல, மேலாளர் ஆளனுப்பிப் பிஸ்கட் டப்பாவை எடுத்துவரச் செய்தார். மூடியைத் திறந்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, நம்ம ஆள நாமளே காட்டிக் குடுக்கலாமா? ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, எச்சரிக்கையோட விட்டுடுவாரு.”

“நம்ம ஆளா?” என்றாள் என் மனைவி. “அண்ணி கனவு கண்டாங்கன்னு சொன்னியே, அன்னைக்கு நான் யாரு ஆளு?”

மேலாளர் என் கருத்தைக் கேட்டார். “வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள்” என்றேன். அவன் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, அன்றுதான் முதன்முறையாகக் கையுயர்த்தாமல் வெளியேறினான்.

பிறகு மேலாளர் என்னிடம் திரும்பினார். மூன்று நாட்கள் அவசர வழியைப் பூட்டிவைத்தீரே, நிலவறையில் தீப்பிடித்திருந்தால் உள்ளேயிருந்தவர்கள் எப்படி ஏறி வந்திருப்பார்கள் என்று கேட்டார். சாவிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் நிறுவனத்திற்குக் கடிதம் போகும் என்றார். போகட்டும் என்றேன்.

மேலாளர் பதிவை அனுப்பிவைக்க, மறுநாளே காவல் நிலையத்திலிருந்து திருத்திய அறிக்கை வந்தது. ‘தாக்கப்பட்டார்’ என்னும் சொல்லின்மேல் என் மனைவி இடக்கை விரலை வைத்து மும்முறை படித்தாள்.

“கதவுப் பூட்டக் கழட்டியாச்சா?” என்று திடீரென்று கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

“அங்க யாராவது பொண்ணு மாட்டிக்கிட்டா, என்னைச் சொன்ன மாதிரி அவளையும் கனவு கண்டாள்னுதான் சொல்லுவாங்க. எழுந்து போங்க!”

போனேன். பூட்டுகளைக் கழற்றினேன். படிக்கட்டின் அடியில், சுவரில், இரண்டு துளைகள் வெறுமையாக இருந்தன. மேலாளரிடமிருந்து வாங்கிவந்த ஏழாம் பொத்தானை அவ்விடத்தில் பொருத்தினேன். திருகாணி இனித் திரும்பாது என்னும் அளவிற்கு முறுக்கினேன். அவனுடைய சிரிப்பு நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன்.