சோம்பேறி எல்மரின் நிலவறை

வடதுருவக் கடற்கரையில் ஏப்ரல் பிறந்தால், கறி வைக்க உறைந்த மண்ணில் வெட்டிய நிலவறையைச் சுத்தம் செய்தாக வேண்டும். பழைய பனியை வாரிக் கொட்டிவிட்டுப் புதுப் பனியைத் தரையில் பரப்பினால்தான் திமிங்கிலம் வரும். அழுக்கு வீட்டில் வந்து படுக்க அதற்கு என்ன தலையெழுத்தா? அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் வேட்டைப் படகுக் கேப்டனின் பெண்டாட்டி. ஆகவே டார்க்கஸ் முப்பத்தோராவது வருடமாக மண்வெட்டியோடு ஏணியில் இறங்கினாள். இருபது அடி ஆழம். கீழே காலை வைத்தவள் கணுக்கால் வரை தண்ணீரில் நின்றாள்.

"யோவ் வெண்டல்!"

மேலே வாசல் ஓட்டையில் புருஷனின் தலை தெரிந்தது.

"உங்க அப்பா வெட்டின நிலவறையில மீன் பிடிக்கலாம்யா. தூண்டில எடுத்துட்டு வா."

"அது வேர்வைடி. ஆள் இறங்குற சூட்டுக்கு லேசா வேர்க்கும்."

"வேர்வையா? பூட்ஸுக்குள்ள குளுகுளுன்னு போகுது, வேர்வையாம்!"

சுவர் கையில் சேறாக ஒட்டியது. போன வருடத்துக் கறியை மோந்து பார்த்தாள், அழுகியிருந்தது. கயிற்றில் கட்டிய வாளி ஒன்று மூலையில் ஒளிந்திருந்தது. இந்த மனுஷன் இலையுதிர் காலத்திலிருந்தே திருட்டுத்தனமாகத் தண்ணீர் இறைத்திருக்கிறான்! அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே பயமும் வந்தது. கறி வைக்க இடமில்லாதவன் வேட்டைக்குப் போகக் கூடாது. தன்னையே கொடுக்க வருகிற பிராணியை அழுகவிட்டால் அது இனி இந்தக் கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காது. கடையில் இருக்கும் ஃப்ரீசரில் அதன் வாலைக்கூட மடித்து வைக்க முடியாது. நிலவறை இல்லையென்றால் படகு இல்லை. வெண்டலின் தாத்தா காலத்திலிருந்து ஒரு வசந்தம்கூடத் தவறாமல் உறைந்த கடலுக்கு மேல் இழுத்துப் போன படகு.

அன்று மத்தியானமே கிர்ஸ்டனைப் பிடித்து இழுத்து வந்தாள். மூன்று வருடமாக ஊர் முழுக்க மண்ணில் குழாய் இறக்கிக் குளிர் பார்க்கும் படித்த பெண். கிர்ஸ்டன் உள்ளே இறங்கவே இல்லை. நிலவறை வாசலுக்கு மேல் வெண்டல் ஆறு வருடம் முன்பு கட்டிய அழகான கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இத எதுக்குக்கா கட்டினீங்க?"

"பனி உள்ள கொட்டாம இருக்க. ஊர்லயே முதல் கொட்டகை எங்களோடதுதான். அப்புறம் ஒவ்வொருத்தியா எங்களப் பாத்துக் கட்டினாளுங்க."

"கொட்டகையில மோதிப் பனி சுத்தி ஆளுயரத்துக்குக் குவியுதில்ல? குளிர்காலம் பூரா மண்ணுக்குக் கம்பளி போத்தினாப்புல ஆயிருச்சு. வெளிக் குளிர் கீழ இறங்கவே இல்ல. வானமும் சூடாகிக்கிட்டு வருது, ரெண்டும் சேந்துருச்சு."

வெண்டல் வானத்தைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான், பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"வானம் ஏம்மா சூடாகுது?" என்றான் கிர்ஸ்டனிடம்.

"நாம எரிக்கிற எண்ணெய்தான் முதல் காரணம். இப்ப மண்ணும் சேந்துக்குது. ஆயிரக்கணக்கான வருஷமா உறைஞ்சு கெடந்த செடி கொடி எல்லாம் உள்ள அழுகுது. அந்த வாயு மேல போயி இன்னும் சூடாக்குது. அதுல இன்னும் மண்ணு இளகுது."

"ஓஹோ, தின்னுட்டு ஏப்பம், ஏப்பம் விட்டுட்டுத் தீனி. இவரு மாதிரியே."

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விமானத் திடலுக்குப் பின்னால் இருந்த ஏரி இரண்டு கோடைக்கு முன்பு ஒரே நாளில் வடிந்து சேற்றுக் குழியானது. கடலோர மேடு இடிந்து யாரோ ஒருவரின் பனிவண்டியோடு கடலில் போய்ச் சேர்ந்தது. மண் இளகிச் சாய்ந்துபோன அவள் வீட்டிலேயே சூப்பை ஊற்றினால் கிண்ணத்தின் ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது. அதையெல்லாம் பழகிக்கொண்டாள். இதைப் பழகிக்கொள்ள முடியாது.

ஒரே வழிதான் இருந்தது. நாத்தனார் லவீனியாவின் நிலவறையில் ஒரு மூலை கேட்பது. அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். என்றாலும் போனாள்.

"இடமே இல்ல அண்ணி," என்றாள் லவீனியா, கொட்டகைக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு. "நிரம்பி வழியுது."

"போன வருஷம் உங்களுக்குத் திமிங்கிலமே கிடைக்கலியேடி! எது நிரம்பி வழியுது? உன் கொழுப்பா?"

அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டு டார்க்கஸ் உள்ளே போனாள். தரையில் விரித்திருந்த தார்ப்பாயைத் தூக்கினாள். நிலவறை இடிந்து குழியாகக் கிடந்தது. வாய் வரை தண்ணீர். ஓரத்தில் ஒரு பம்ப் பரிதாபமாக முனகிக்கொண்டிருந்தது.

"நிரம்பி வழியுதுன்னுதானே சொன்னேன்," என்றாள் லவீனியா. சொன்னவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். டார்க்கஸுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரிப்பதும் அழுவதுமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிறகு இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போனார்கள். கொட்டகை கட்டிய ஏழு வீட்டிலும் தண்ணீர். ஒருத்தியாவது வெளியே சொல்லியிருக்க வேண்டுமே, கெட்டிக்காரிகள்!

மிச்சம் இருந்தது எல்மருடையது. எல்மர் என்றால் சோம்பேறி. அப்பா விட்டுப்போன நிலவறைக்குக் கொட்டகை என்ன, ஒழுங்கான கதவுகூடப் போடவில்லை. காற்று வழித்தெடுக்கும் மணல் திட்டில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. டார்க்கஸ் விளக்கோடு இறங்கினாள். நாய் முடி, எலும்பு, பீர் டப்பா. ஆனால் கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டதும் விரல் பச்சென்று ஒட்டிக்கொண்டது. கல் மாதிரி உறைந்து கிடந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. முப்பத்தொரு வருடம் பெருக்கினவளுக்குச் சேறு, இந்தப் பயலுக்கு இதுவா?

கூட வந்த கிர்ஸ்டன் கருவியைச் செருகிப் பார்த்தாள். "மைனஸ் மூணுக்கா."

"எத்தன வருஷம் தாங்கும்?"

"ஏழு. அதிர்ஷ்டம் இருந்தா எட்டு."

அதை டார்க்கஸ் யாரிடமும் சொல்லவில்லை.

கிர்ஸ்டனையும் சேர்த்து எட்டுப் பெண்கள் மூன்று நாள் எல்மரின் குப்பையை அள்ளினார்கள், அவனுக்குக் கேட்கும்படி அவன் பரம்பரையையே திட்டிக்கொண்டு. ஏழு படகும் போகும், ஒரே ஒரு திமிங்கிலம் போதும், அது எல்மரின் நிலவறைக்கு வரும் என்று முடிவானது. ஆனால் ஒரு சிக்கல். படகு வெளியே இருக்கும்போது நிலவறைக்காரி வீட்டில் அடங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். தைக்கக் கூடாது, ஓடக் கூடாது, யாரிடமும் எரிந்து விழக் கூடாது. அவள் அமைதியாக இருந்தால் திமிங்கிலமும் அமைதியாக வரும். எல்மருக்கோ பெண்டாட்டி இல்லை.

"அப்ப நீயே உக்காருடா," என்றாள் டார்க்கஸ்.

"சும்மா உக்காரணுமாக்கா? அவ்வளவுதானா?"

"உனக்குத் தெரிஞ்ச ஒரே வேல அதுதானே."

படகுகள் போன ஐந்தாம் நாள் காலை வானொலியில் வெண்டலின் குரல் உடைந்து வந்தது. "எல்மர் வீட்டுக்குத் திமிங்கிலம் வந்திருக்கு!" பின்னால் எல்லாரும் கத்துவது கேட்டது. டார்க்கஸும் கத்தினாள். எல்மர் பெயர் வந்த இடத்தில் அவள் பெயர் வந்திருக்க வேண்டும், முப்பது வருடத்தில் எத்தனையோ முறை வந்துமிருக்கிறது. வலித்தது, நன்றாகவே வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுக்கும் கத்தியை எடுத்தாள்.

வழியில் எல்மர் வீட்டுக் கதவைத் தள்ளினாள். நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். முகம் கழுவி, தலை வாரியிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

"அக்கா, இப்ப எந்திரிக்கலாமா?"

"வந்துருச்சுடா. எந்திரி."

"நான் அசையவே இல்லக்கா. மூக்கு அரிச்சப்பகூட அசையல." வானொலியைக் காட்டினான். "என் பேரச் சொன்னாங்க, கேட்டியா? இந்த ஊர்ல யாரும் என் பேர இப்படிச் சொன்னதில்ல. இனிமே வருஷா வருஷம் நானே உக்கார்றேன்க்கா. சாகுற வரைக்கும் உக்கார்றேன்."

அவனுக்கு வயது முப்பத்து நாலு. நிலவறைக்கு இன்னும் ஏழு வருடம், மிஞ்சினால் எட்டு.

"உக்காருடா," என்றாள் டார்க்கஸ். "வருஷா வருஷம் நீயே உக்காரு."