இளைஞரணிச் செயலாளரின் வீட்டு வரி

காசிமாயன் எங்கள் பகுதி இளைஞரணிச் செயலாளர். அவருடைய பேரனுக்கு மீசை அரும்பிவிட்டது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் கட்சியில் யாருக்கும் கிடையாது. ஆண்டுதோறும் தேனி ரோட்டில் அவருக்குப் பிறந்தநாள் பிளக்ஸ் வைப்பார்கள். 'நாற்பத்தொன்பதாம் அகவையில் அடியெடுத்து வைக்கும் எழுச்சி நாயகரே' என்று அதில் இருக்கும். அடியெடுத்து வைத்த காலை அவர் இன்னும் ஊன்றவில்லை.

ஆதார் அட்டைப்படி அவருக்கு அறுபத்தேழு. அந்த அட்டையை பீரோவில் மனைவி அன்னக்கொடியின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தார். சேலை வெளியே வந்தாலும் அட்டை வராது.

இந்த நிம்மதியைக் கெடுத்தது நகராட்சிதான். அறுபத்தைந்து வயது முடிந்து, சொந்த வீட்டில் தானே குடியிருப்பவர்களுக்கு வீட்டு வரியில் பாதி தள்ளுபடி, ஒழுகும் கூரையைச் சரிசெய்ய உதவித்தொகை என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் முகாமுக்கு நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். முகாம் ஒரு நாள்தான்.

"ஒன்னு நீங்க கெழவனாகணும், இல்ல முழு வரியக் கட்டணும். ரெண்டுல எது?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"கட்டிருவோம்டி."

"யாரு? போன தடவ மாதிரி அசோக்கா?"

அசோக்குமார் அவர்கள் மகன். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். வரி ஒரேயடியாக ஏறிய போன தடவை அவன்தான் கட்டினான். அதற்குப் பிறகு மருமகள் எப்போது வந்தாலும், தன் காசு எந்தச் செங்கலில் இருக்கிறது என்று தேடுகிறவள் மாதிரி சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். போகும்போது, "பாத்துப் பொழங்குங்க அத்தை" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். தான் கல் சுமந்து கட்டிய வீட்டில் தானே வாடகைக்கு இருப்பது போல அன்னக்கொடிக்கு ஆகிவிட்டது.

"தேர்தல் முடியட்டும். அப்புறம் எம்புட்டு வயசு வேணும்னாலும் ஆகிக்கிறேன்" என்றார் காசிமாயன்.

அவர் கவலை அவருக்கு. உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு சீட்டு இளைஞருக்குத்தான் என்று மாவட்டச் செயலாளர் அவர் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தார். நாற்பது ஆண்டு கோஷம் போட்டுத் தொண்டை கிழிந்தவருக்கு முதன்முதலாக ஒரு சீட்டு. இந்த நேரம் பார்த்துக் கிழவனாவது அரசியல் தற்கொலை.

முகாமை நடத்தியது நகராட்சி. ஆனால் சமுதாயக் கூடத்து வாசலில் பந்தல், மோர், மைக் செட் எல்லாம் இளைஞரணி உபயம். கறுகறுவென்ற தலையோடு காசிமாயன் கைகூப்பும் பிளக்ஸ் ஒன்றும் இருந்தது. அதில் 'முதியோரைத் தோளில் சுமக்கும் இளைய தோள்' என்று எழுதியிருந்தது. வந்திருந்தது நாற்பது பேர். கூப்பிட்டாலே கேட்கும். ஆனால் மைக் இல்லாத இடத்தில் காசிமாயன் நின்று யாரும் பார்த்ததில்லை. அதனால் டோக்கனை வாசித்து ஆட்களைக் கூப்பிடும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"முதுமை என்பது என்னைப் போன்றவர்கள் நாளைக்குப் போய்ச் சேர வேண்டிய இடம்..." என்று தொடங்கினார்.

"மாப்ள, சுருக்கமா முடி. பெருசுக வெயில்ல காயுது" என்றார் பக்கத்தில் நின்ற மொக்கைச்சாமி. அவர் இளைஞரணித் துணைச் செயலாளர். ஒன்றாம் வகுப்பில் காசிமாயனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்.

மேடையில் வரி அலுவலர் தாமரைச்செல்வி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். மொக்கைச்சாமி டோக்கன் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுக்க, காசிமாயன் ஒவ்வொன்றாக வாசித்தார். பாதி கட்டு முடிந்திருக்கும். அடுத்த சீட்டைப் பார்த்தவர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

மொ. காசிமாயன். அவர் வீட்டுக் கதவு எண்.

நிமிர்ந்தார். மூன்றாவது வரிசையில் அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள். அவருடைய ஆதார் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

சீட்டைக் கட்டின் அடியில் செருகினார். அடுத்தவரைக் கூப்பிட்டார். மோர் குடித்தார். மைக் செட்காரனிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் குறைக்கச் சொன்னார். பந்தல் கயிற்றை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்த முடிச்சை அவிழ்த்து, கட்டத் தெரியாமல் விட்டுவிட்டு வந்தார். கட்டு கரையக் கரைய அவருடைய பெயர் மேலே வந்துகொண்டிருந்தது. வந்தே விட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சார், ஒரு டோக்கன் கொறையுதே" என்றாள் தாமரைச்செல்வி.

"காத்துல பறந்துருக்கும் மேடம்."

"உங்க பாக்கெட்ல தெரியுது பாருங்க."

அரசியல்வாதியின் வெள்ளைச் சட்டையில் பை என்பது உள்ளே இருப்பதை ஊருக்குக் காட்டத்தான். வேறு வழியில்லை. எடுத்து வாசித்தார். "மொ. காசிமாயன்."

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். நான்கைந்து செல்போன்கள் உயர்ந்தன.

"நீங்கதானா சார்?"

"ச்சே ச்சே. இது எங்க பெரியப்பா, மேடம். எங்க வகையறாவுல குலசாமி பேரு வீட்டுக்கு ரெண்டு பேருக்காச்சும் இருக்கும். அவரு பெரிய காசிமாயன், நான் சின்ன காசிமாயன்."

இதை அவள் நம்பியதில் தப்பில்லை. உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் டிரைவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

"சரி, பெரியவரு எங்க?"

"அவரு... திருப்பூர்ல."

"அப்ப அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"நான்தான்."

"வாடகைக்கு விட்ட வீடா? அப்படின்னா சலுகை கெடையாது சார். வரியும் கூடும். மாத்திரட்டுமா?" அவள் விரல் லேப்டாப்பின் மேல் நின்றது.

"அய்யய்யோ, மாத்தாதீங்க. அவரு இப்ப இல்ல."

"இல்லன்னா?"

"தவறிட்டாரு."

மைக் ஆனில்தான் இருந்தது. காசிமாயன் இறந்த செய்தியைக் காசிமாயன் குரலிலேயே தெரு முழுக்கக் கேட்டது. எதிர் டீக்கடையில் மரியாதைக்குப் பாட்டை நிறுத்தினார்கள். அப்போதுதான் பந்தலுக்குள் நுழைந்த ஒருவர், "அடடா, எப்ப எடுக்குறாங்க?" என்று விசாரித்தார்.

அன்னக்கொடி எழுந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு மேடையில் ஏறினாள்.

"ஏய்யா, ஒரு சீட்டுக்காக எந்தாலிய அறுத்துட்டியேய்யா!"

"நீங்க யாரும்மா?" என்றாள் தாமரைச்செல்வி.

"செத்தவரு பொண்டாட்டி." ஆதார் அட்டையை மேசைமேல் வைத்தாள். "அந்தா, மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிதே, அதுதான் பொணம்."

பந்தல் குலுங்கியது. தாமரைச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை. அட்டையில் இருந்த நரைத்த தலையைப் பார்த்தாள், பிளக்ஸில் இருந்த கறுத்த தலையைப் பார்த்தாள், கடைசியாக நடுவில் வியர்த்துக்கொண்டிருந்த தலையைப் பார்த்தாள்.

"சார், நீங்க இருக்கீங்களா, இல்லையா? இல்லைன்னா வாரிசு பேருக்கு மாத்தணும். இருந்தா கைரேகை வைக்கணும். எனக்கு ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்க. பின்னாடி ஆளுக நிக்கிறாங்க."

காசிமாயன் செல்போன்களைப் பார்த்தார். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. எங்கே ஓடுவது என்று அதற்கும் தெரியவில்லை. அன்னக்கொடி பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னாள். அதையும் மைக் வாங்கிக்கொண்டது.

"இன்னொரு தடவ அந்தப் புள்ளைககிட்டப் போயி என்னால நிக்க முடியாதுங்க. செவத்தத் தட்டித் தட்டிப் பாக்குது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

காசிமாயன் மைக்கை அணைத்தார். அவர் கையால் ஒரு மைக் அணைந்ததை எங்கள் பகுதி அன்றுதான் பார்த்தது.

"அறுபத்தேழு, மேடம்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து கட்டைவிரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை.

"ரேகை தேஞ்சிருக்கு சார். வயசானா அப்படித்தான். அழுத்தி வைங்க."

அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. அன்னக்கொடி அட்டையை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்; இனிமேல் பீரோவுக்குப் போகாது போலிருந்தது.

அவர் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. மாவட்டச் செயலாளர். நாற்பது வயதுக்காரர்தான், ஆனால் கட்சியில் பதவிதான் அண்ணன்.

"சொல்லுங்கண்ணே."

"என்ன மாயா, வீடியோ மேலிடம் வரைக்கும் போயிருச்சே. அறுபத்தேழா?"

"ஆமாண்ணே."

"நான் அம்பது, அம்பத்தஞ்சுன்னுல்ல நெனச்சேன். இனிமே என்னால ஒன்னும் செய்ய முடியாதுப்பா. சீட்டும் பொறுப்பும் நம்ம மொக்கைச்சாமிக்குன்னு பேசி முடிச்சாச்சு. துடிப்பான பய. நீ மனசுல எதுவும் வச்சுக்கிடாத, என்ன?"

போன் காசிமாயன் காதில் இருக்கும்போதே பின்னாலிருந்து யாரோ அவர் முதுகில் குத்தினார்கள். திரும்பினார். மொக்கைச்சாமி. ஒரு கையில் அப்போதுதான் வாங்கிய டோக்கனும் தன் ஆதார் அட்டையும் இருந்தன. இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்திருந்தார்.

"எந்திரிடா மாப்ள, உன்னோட வேலைதான் முடிஞ்சிருச்சுல்ல. நின்னு நின்னு முட்டி கழண்டு விழுந்துரும் போலருக்கு."

காசிமாயன் எழுந்தார். நாற்காலியை மொக்கைச்சாமி பக்கம் தள்ளினார்.

"அண்ணே, அவன் இங்கதான் நிக்கிறான்" என்றார் போனில். "ஒரு நிமிசம் இருங்க. இளைஞனுக்கு முட்டி வலி. உக்கார வச்சுட்டுக் குடுக்கிறேன்."