பாதைத்துறையில் ஒரு பென்குயின்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் மென்பொருள் எழுத எந்த மடிக்கணினி நல்லது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே ஸுல்பிகா வந்து குந்திக்கொண்டாள். இனி எழும்பமாட்டாள்.

2

‘2007. திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் சூரியன்—’

(வேண்டாம். சூரியனுக்கும் மடிக்கணினிக்கும் என்ன சம்பந்தம்?)

ஸுல்பிகா கிண்ணியாக்காரி. கொழும்புக் கம்பனி ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் லினக்ஸ் ஓடும் சொந்தக் கணினி வேண்டும். கிண்ணியாவில் இணையம் கிடையாது. எழுதியதை அனுப்ப, தினமும் பாதை என்கிற மிதவையில் ஏறி, அக்கரையில் திருகோணமலை ரவுணுக்கு வரவேண்டும். பாதைத்துறையில் இராணுவச் சென்றி, ஏறுகிறவர்களைச் சோதிக்கும் காவலரண். போன கிழமை மீன் வியாபாரி ஒருவரின் ரேடியோவைக் கழற்றிப் பார்த்து, மனிசனையும் பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். அவளுக்கு அப்படி ஒரு நாள் வந்தால், வாப்பா மறுநாள் பாதை ஏற விடமாட்டார். வேலையும் அத்தோடு சரி.

3

ரவுணில், ஓர்ஸ் ஹில்லில் யோகலிங்கத்தின் கடை. பாவித்த பழைய மடிக்கணினிகள் இரண்டு மேசையில் இருந்தன. ஸுல்பிகா கையோடு கொண்டுவந்த லினக்ஸ் சீடியை முதலில் வெள்ளி நிறக் கணினியில் போட்டாள். மெல்லியது, வேகமானது. நான் அதைத்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்து இந்தப் பகுதியை முடித்துவிட்டேன்.

அவள் வாங்கவில்லை.

லினக்ஸ் எழும்பும்வரை அதன் திரை கறுப்பாகவே கிடந்தது. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கியது. மற்றது மூடியெல்லாம் கீறல், பாரம் வேறு. வயர்லெஸ் வேலை செய்யவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரையின் மேல் மூலையில் ஒரு குண்டுப் பென்குயின்* வந்து உட்கார்ந்தது.

“தங்கச்சி, வெள்ளியை எடுங்கோ. அது பறக்கும்” என்றார் யோகலிங்கம்.

“பறந்து என்ன அண்ணே? சென்றியில கறுப்பா நிண்டா நான் என்னத்தச் சொல்ற?”

செயலி, நினைவகம் என்று நான் நண்பருக்கு எழுதி வைத்திருந்ததெல்லாம் வீண். கிழித்தேன்.

* லினக்ஸின் சின்னம். கிண்ணியாவில் இந்தப் பறவையை நேரில் கண்டவர் எவரும் இல்லை.

4

‘சிப்பாய் கணினியைப் பறித்து உள்ளே கொண்டுபோ—’

(யுத்தகாலக் கதை இப்படித்தான் போகவேண்டும் என்பார்கள். இந்த ஒருதரம் நான் மாட்டேன்.)

முதல் நாள் சென்றியில் சிப்பாய் திறக்கச் சொன்னான். அவள் திறந்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓட, அவன் முகம் இறுகியது. பிறகு பென்குயினைக் கண்டான். “தாரா” என்று கத்தி, மற்றவர்களையும் கூப்பிட்டான். சிங்களத்திலும் தமிழிலும் தாரா தாராதான், வாத்து. ‘தாரா இல்லை’ என்று சொல்ல ஸுல்பிகாவின் வாய் உன்னியது. நல்லவேளை, அடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் தாரா காட்டியாக வேண்டும். வரிசையில் நிற்பவர்களும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பாதைக்காரர் அவளை விட்டுவிட்டுப் போவதேயில்லை. எனக்கு இதை எழுத எழுதச் சந்தோசம் தாங்கவில்லை.

5

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிப்பாய்களை மாற்றுவார்கள். இன்றைக்கு நிற்பவன் புதியவன். நான் எழுதாத ஆள். தாராவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஸுல்பிகா உடனே திறந்தாள் என்று எழுதினேன். பொய், முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பொத்தானை அமத்தி, திரையை அவன் பக்கம் திருப்பினாள். திரை இன்னும் கறுப்பு. அவன் குனிகிறான்; சிரிக்கவில்லை.

நான் இந்த இடத்தில் பேனையை வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள்தான் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வரிசையில் நின்ற அந்த ரேடியோக்கார மீன் வியாபாரி, தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்து சிப்பாயிடம் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்க மாத்தயா. தாரா வரும்.”